காத்திருப்போர் எவரும் இல்லை

பருப்பை அடுப்புல ஏத்திட்டு மணி பார்த்தா பத்து இருபது. பதினோரு மணிக்கு மீட்டிங். நாப்பது நிமிஷம் இருக்கு, மூணு நாளா கிழிக்காததை இந்த நாப்பது நிமிஷத்துல என்னத்த கிழிக்கப் போறேன். லேப்டாப்பை சமையல் மேடை மேலயே, மிக்ஸிக்குப் பக்கத்துல வச்சிருக்கேன், சுதர்சன் அனுப்பின அறிக்கை திறந்தபடி கிடக்கு. ரெண்டு பக்கம். முதல் பக்கம் முழுக்க எங்க சாஃப்ட்வேர் கம்பெனி பெருமை. ரெண்டாம் பக்கத்துல நாலாவது வரி, அதை நேத்துல இருந்து எத்தனை தடவை படிச்சேன்னு தெரியல: திரையில் காட்டப்பட்ட தகவலை வரவேற்புப் பணியாளர் நேரில் சரிபார்க்கத் தவறியதே நிகழ்வுக்குக் காரணம். வரவேற்புப் பணியாளர்னா பாண்டிச்செல்வி. பேர் போடல. பேர் போட்டா மனுஷியாயிடுவா இல்ல, பணியாளர்னு போட்டா வேலைய விட்டு எடுக்க வசதி. கீழ சாட்ல சுதர்சன், என் மேனேஜர், என்னைவிடப் பன்னெண்டு வயசு சின்னவன், நல்ல பையன்தான், மரியாதையா எழுதியிருக்கான், பாத்துட்டு ஒரு தம்ஸ் அப் மட்டும் போட்டுடுங்க செண்பகம், மீட்டிங்ல நீங்க எதுவும் பேச வேண்டாம், நான் பாத்துக்கறேன்னு. ஒரு கட்டைவிரல். அவ்வளவுதான் கேக்கான். ஏற்கெனவே ஒரு கட்டைவிரலைக் காட்டித்தான் இந்த எழவெல்லாம், இன்னொண்ணும் காட்டணுமாம். கழுத்துல இருந்து சூடு கிளம்புது, இந்த வயசுக்கு இது வேற, சும்மா நிக்கும்போதே உடம்பு தீயா எரிஞ்சு வேர்த்து அடங்கும், ஃபேனை அடுப்படிப் பக்கம் திருப்பினா அடுப்புத் தீ ஆடும். முந்தானையால கழுத்தைத் துடைச்சுக்கிட்டு நிக்கேன். இன்னும் ஒரு விசில்கூட வரல.

பாண்டிச்செல்வி வேலை பாக்குற ஆஸ்பத்திரி திண்டுக்கல் பக்கம், ஒரு அறக்கட்டளை நடத்துறது, டயாலிசிஸ் மட்டும் பண்ணுவாங்க. பதினோரு மிஷின். காலையில ரெண்டு ஷிப்ட் முறை வச்ச ஆட்கள், அவங்க நேரா மேல வந்து படுத்துக்குவாங்க. மதியத்துக்கு மேல காலியாகுற மிஷினுக்குத்தான் காத்திருப்போர் பட்டியல். காத்திருக்கிறவங்க கீழ்த்தளத்துல, பாண்டிச்செல்வி மாடியில. எங்க கம்பெனி வர்றதுக்கு முந்தி அவ ஒரு நீள நோட்டை எடுத்துக்கிட்டு இறங்கிப் போய், ஒவ்வொருத்தர் முன்னாலயும் நின்னு பேர் கேட்டு எழுதிக்கிட்டு ஏறி வருவாளாம். இருபத்தி ரெண்டு படி. முட்டி தேஞ்சு போச்சு மேடம்னு போன வைகாசியில நான் போயிருந்தப்ப சொன்னா, நான் என் முட்டியக் காட்டினேன், ரெண்டு பேரும் சிரிச்சோம், சாயங்காலத்துக்குள்ள மேடம் போய் அக்கா ஆயிடுச்சு. நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இந்த ஸ்க்ரீனைப் பாருங்க, கீழ வாசல்லயே நம்பரைப் பதிஞ்சுட்டு உக்காந்திருக்கிறவங்க பேர் எல்லாம் இங்க வரும், யாரும் இல்லேன்னா காத்திருப்போர் எவரும் இல்லைன்னு பச்சையில வரும், வந்துச்சுன்னா மிஷினைக் கழுவச் சொல்லிட்டு நீங்க கிளம்பலாம். அப்ப நான் இறங்கிப் போய்ப் பாக்க வேண்டாமாக்கான்னு கேட்டா. கேட்டா, நல்லா ஞாபகம் இருக்கு, ரெண்டு தடவை கேட்டா. வேண்டாம், ஸ்க்ரீனை நம்புங்கன்னு சொன்னேன். சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை, ஒரு பொம்பளையோட முட்டியக் காப்பாத்திட்டேன்னு. இப்ப அறிக்கையில நேரில் சரிபார்க்கத் தவறியதேன்னு எழுதியிருக்கு. சரிபார்க்காதேன்னு சொன்னவ இங்க நின்னு பருப்பு வேக வைக்கா.

ஒரு விசில். ஒண்ணு. நாலு விசில் வரணும், பழைய பருப்பு, வேகாது. எண்ணிக்கிட்டே இரு செண்பகம், வேற எதையும் நினைக்காத. எண்ணுறதுதான என் பொழப்பு. ஒன்பது வருஷம் வீட்டுல இருந்துட்டு நாப்பத்தோரு வயசுல வேலை தேடிப் போனப்ப, இன்டர்வியூவுல ஒரு பொண்ணு, இருபத்தி நாலு இருக்கும், முதல் கேள்வியே இதுதான் கேட்டா, ஜாவாஸ்கிரிப்ட்ல ஒரு அரேக்குள்ள எத்தனை இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க ஆன்ட்டின்னு. ஆன்ட்டி. லெங்த்னு கேட்டாப் போதும், அதுவே சொல்லிடும்னு சொன்னேன். ஏன்னா நாங்க ப்ரோக்ராம் எழுதுற அந்த பாஷையில அரேங்கிறது க்யூ. ஆள் வரிசையா நிக்காங்க, சுழியத்துல ஆரம்பிச்சு நம்பர் போட்டிருக்கு, கடைசி நம்பரோட ஒண்ணு கூட்டினா எண்ணிக்கை. ஆனா அது தலையை எண்ணாது, நடுவுல ஒருத்தரை டிலீட் பண்ணினாலும் அவர் நின்ன இடம் ஓட்டையா அப்படியே இருக்கும், எண்ணிக்கை குறையாதுன்னும் சேத்துச் சொன்னேன், அந்தப் பொண்ணு முகம் மாறிடுச்சு. சரி, ஆப்ஜெக்ட்னா? ஆப்ஜெக்ட் க்யூ இல்ல, அது பேர் எழுதி ஒட்டின டப்பாக்கள். அதுகிட்டப் போய் லெங்த் என்னன்னு கேட்டா ஒண்ணும் சொல்லாது. பேரை எல்லாம் முதல்ல திரட்டணும், கீஸ்னு ஒண்ணு இருக்கு, அது பேர்களை எல்லாம் ஒரு வரிசையாக் கொண்டுவந்து கொடுக்கும், அப்புறம் அந்த வரிசையை எண்ணிக்கணும். சரியாச் சொன்னேன். வேலை கிடைச்சுது. அதனால இது தெரியாமச் செஞ்ச தப்புன்னு ஒரு சாக்குகூட எனக்குக் கிடையாது. பரீட்சையில கேட்டு பாஸ் பண்ணின கேள்வி. அஞ்சு வருஷம் கழிச்சு அதே கேள்வியில விழுந்தேன், சவம்.

எப்படி விழுந்தேங்கிறதையும் ஆயிரம் தடவை நினைச்சாச்சு. காத்திருப்போர் பட்டியல் முதல்ல அரேயாத்தான் இருந்துச்சு, நானும் லெங்த் இல்லேன்னா எவரும் இல்லைன்னு காட்டுன்னு ஒரு வரி எழுதி வச்சேன். அழகான வரி. போன வாரம் பெங்களூர் டீம்ல இருந்து குரூப்ல போட்டாங்க, திங்கக்கிழமையில இருந்து பட்டியலை ஆப்ஜெக்ட்டா அனுப்புறோம், நோயாளி நம்பர்தான் பேரா இருக்கும், தேட சுலபம், எல்லாரும் உங்க பக்கம் பாத்துக்கங்கன்னு. அப்ப நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்? இங்கதான், இதே மேடையில, வெங்காயம் நறுக்கிக்கிட்டு. கண்ணுல தண்ணி. ஒரு கையால ஃபோனை எடுத்துப் பாத்தேன், ஏற்கெனவே நாலு பேர் கட்டைவிரல் போட்டிருந்தாங்க, நானும் ஒண்ணு போட்டேன். அஞ்சு. படிக்காம இல்ல. படிச்சேன். அப்புறம் பாத்துக்கலாம்னு நினைச்சேன், அப்புறம்னு ஒண்ணு வரவே இல்ல. திங்கக்கிழமை சாயங்காலம் மாத்தினாங்க. செவ்வாய்க்கிழமை மதியம் என் வரி அந்த ஆப்ஜெக்ட்கிட்டப் போய் லெங்த் எவ்வளவுன்னு கேட்டுச்சு. அது ஒண்ணும் சொல்லல. ஒண்ணும் சொல்லலேன்னா சுழியம் இல்ல, அதுக்கு அந்த பாஷையில ஒரு பேர் உண்டு, அன்டிஃபைண்ட்னு, அப்படி ஒண்ணு என்கிட்டக் கிடையாதுன்னு அர்த்தம். என் வரிக்கு ரெண்டும் ஒண்ணுதான். பதில் இல்லேன்னா ஆள் இல்ல. பச்சையில போட்டுடுச்சு, காத்திருப்போர் எவரும் இல்லைன்னு. உள்ள எத்தனை பேர் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருக்கும், நூறு பேர் இருந்தாலும். ஒரு எர்ரர் வரல, ஒரு சிவப்பு வரி வரல. இந்த பாஷையோட குணமே அதுதான், தப்பாக் கேட்டா திட்டாது, எதையோ ஒண்ணைக் கொடுத்துட்டுப் பேசாம இருந்துக்கும். திட்டியிருக்கலாம். ஒரு திட்டு திட்டியிருந்தா சவரிமுத்து இன்னைக்கு வீட்டுல இருப்பார்.

சவரிமுத்து. அறுபத்தி மூணு வயசு. நான் பாத்ததில்ல. புதன்கிழமை காலையில சுதர்சன் ஃபோன் பண்ணி, ஒரு பேஷண்ட் கீழயே உக்காந்திருந்திருக்கார், யாரும் கூப்பிடல, ராத்திரி மூச்சு முட்டி ஐசியூல சேத்திருக்காங்க, உங்க ஸ்க்ரீனை ஒரு தடவை பாருங்கன்னான். பாக்க நாலு நிமிஷம்கூட ஆகல. கீஸை வச்சு எண்ணுற மாதிரி மாத்தி, சின்னத் திருத்தம்னு குறிப்பு எழுதி அனுப்பிட்டேன். சின்னத் திருத்தம். கை கூசல அப்ப. சரி பண்ணிட்டேன்னு சொன்னேன், என்ன சரி பண்ணினேன்னு அவனும் கேக்கல, நானும் சொல்லல. அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னும் அவனுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணியில இருந்து அஞ்சரை வரைக்கும் அந்த மனுஷன் உக்காந்திருந்திருக்கார், கூட இருந்தவங்க பொறுத்துப் பாத்துட்டு வீட்டுக்குத் திரும்பிட்டாங்களாம். எழுந்து போய்க் கேட்டா முறை போயிடுமோன்னு பயந்திருப்பார், நம்ம ஆளுங்க அப்படித்தான், க்யூவ விட்டு நகர மாட்டாங்க. மாடியில மிஷினைக் கழுவி மூடிட்டாங்க. பாண்டிச்செல்வி பின்பக்கப் படி வழியா இறங்கி பஸ்ஸுக்குப் போயிட்டா, அவளுக்கு அன்னைக்கு சந்தோஷமாத்தான் இருந்திருக்கும், சீக்கிரம் வீட்டுக்குப் போறோம்னு. நேத்து விசாரிச்சேன், ஐசியூல இருந்து வெளிய கொண்டு வந்துட்டாங்களாம். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதி வந்துச்சு பாரு, அவர் பொழைச்சதுக்கா, நான் பொழைச்சதுக்கா, இதுவரைக்கும் தெரியல. வெக்கமா இருக்கு.

விசில். ரெண்டா மூணா? நடுவுல ஒண்ணு வந்துச்சா? பாழாப்போன மண்டை. எங்க அப்பா விசிலும் இப்படித்தான், குடலைப் பிடுங்குற மாதிரி இருக்கும். அப்பா கோவில்பட்டி டிப்போவுல கண்டக்டர், சங்கரன்கோவில் ரூட். டீ குடிக்க நிறுத்தினா கிளம்புறப்ப தலையை எண்ணிட்டுத்தான் விசில் கொடுப்பார், பின்னால இருந்து ஒவ்வொரு சீட்டா தட்டிக்கிட்டே முன்னால வருவார். ஒரு நாள் எண்ணிக்கை சரியா இருந்துச்சு, விசில் கொடுத்துட்டார், பஸ் கிளம்பிடுச்சு. ஆனா ஒரு வயசான அம்மா கொல்லைப் பக்கம் போனவங்க திரும்பி ஏறல, அவங்களுக்குப் பதிலா டீக்கடையில நின்ன யாரோ ஒருத்தன் ஏறி உக்காந்திருக்கான். நாப்பத்தி ஒண்ணு, நாப்பத்தி ஒண்ணாவே இருந்துச்சு. அந்த அம்மா வெயில்ல நடந்து மயங்கி விழுந்துட்டாங்க. டிப்போவுல மெமோ கொடுத்தாங்க. அப்பா பதில் எழுதினார், விசில் கொடுக்கிறதுக்கு முந்தியே டிரைவர் வண்டிய எடுத்துட்டார்னு. டிரைவர் கோயில்பிள்ளை மாமா. வாராவாரம் எங்க வீட்டுக்குக் கருப்பட்டி மிட்டாய் வாங்கிட்டு வருவார், அவருக்குப் பதினஞ்சு நாள் சஸ்பெண்டு. அதுக்கப்புறம் அவர் வரவும் இல்ல, அப்பா அவர் பேரைச் சொல்லவும் இல்ல. ஆனா சாப்பிட உக்காரும்போது அப்பா எங்க தலையைத் தட்டித் தட்டி எண்ண ஆரம்பிச்சார், ஒண்ணு ரெண்டு மூணு நாலு, நாங்க விளையாட்டுன்னு நினைச்சுச் சிரிச்சோம். சாப்பிட்டு முடிச்சும் ஒரு தடவை எண்ணுவார். சாகுற வரைக்கும் எண்ணினார், ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு வார்டுல இருந்த ஆளுங்களை எண்ணினார், நர்ஸம்மாவுக்கு எரிச்சல். அம்மாகிட்டக் கேட்டேன், ஏம்மா அப்பா இப்படின்னு. அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்ட நாள்ல இருந்து இப்படித்தான்டின்னா அம்மா.

பத்து நாப்பத்தஞ்சு. வேலை போயிடுமா? போகலாம். எங்க கம்பெனியில மூணு மாசமா ஆளைக் குறைச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க, நாப்பத்தாறு வயசுப் பொம்பளை, தானா ஒரு காரணத்தைத் தட்டுல வச்சு நீட்டினா வேண்டாம்னா சொல்லுவாங்க. மறுபடி வேலை தேடிப் போய் இன்னொரு இருபத்தி நாலு வயசு முன்னால உக்காந்து, லெங்த் எப்படிக் கண்டுபிடிப்பீங்க ஆன்ட்டின்னா அப்ப என்ன சொல்ல. வீட்டுக்காரர்கிட்ட நேத்து மெதுவாச் சொன்னேன். அஞ்சு பேர் கட்டைவிரல் போட்டாங்க, நீ மட்டும் என்ன தனியாங்கிறார். டெஸ்ட் பண்ணினவன் பழைய பட்டியலை வச்சு டெஸ்ட் பண்ணியிருக்கான், அவன் தப்பு இல்லையாங்கிறார். நியாயம்தான். எல்லாம் நியாயமாத்தான் இருக்கு, அதனாலதான் தூக்கம் வரல. பாண்டிச்செல்விக்கு இது போனா அந்த ஊர்ல வேற என்ன கிடைக்கும், ஆளைக் கவனிக்காம விட்டவன்னு பேராகிடும், எந்த ஆஸ்பத்திரி படியேற விடும். புதன்கிழமை சாயங்காலம் எனக்கு ஃபோன் பண்ணினா. எடுக்கல. வியாழக்கிழமை ஒரு தடவை. எடுக்கல. அப்புறம் ஒரு மெசேஜ், அக்கா ஸ்க்ரீன்ல யாரும் இல்லன்னுதானக்கா இருந்துச்சு, நான் சரியாத்தானக்கா பாத்தேன்னு. அவ்வளவுதான். திட்டல, அழல, தான் பாத்தது சரிதானான்னு என்கிட்டக் கேக்கா. அவ கண்ணு மேல அவளுக்கே சந்தேகம் வந்துடுச்சு. அதுக்கு நான் ரெண்டு நாளா பதில் போடல. ஒண்ணும் சொல்லல. நானும் ஒரு அன்டிஃபைண்டாத்தான் இருந்திருக்கேன். விசில். அய்யோ போதும், அணைச்சுடுவோம், குழைஞ்சா குழையட்டும்.

பதினோரு மணி. முகத்தைக் கழுவி, சேலை மேல ஒரு துண்டைப் போட்டுக்கிட்டு, கேமராவுக்குப் பின்னால அடுப்பு தெரியாத மாதிரி திரும்பி உக்காந்தேன். சதுரம் சதுரமா முகங்கள் வருது. சுதர்சன். அவனுக்கு மேல உள்ள ஒரு அம்மா. பெங்களூர்ல இருந்து ஒருத்தர். ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரி, கண்ணாடி போட்ட டாக்டர் ஒருத்தர். நான். மூலையில ஆறுன்னு போட்டிருக்கு. சாட்ல சுதர்சன் தனியா அனுப்பினது இன்னும் கண் சிமிட்டிக்கிட்டு இருக்கு, தம்ஸ் அப் ப்ளீஸ்னு. எல்லாரும் வந்தாச்சு, ஆரம்பிச்சுடலாமான்னு அவன் கேக்கான். என் விரல் தானாப் போய் ஸ்க்ரீனைத் தொடுது, ஒண்ணு, ரெண்டு, மூணு, அப்பா மாதிரியே. பேரைச் சொல்லித் தொட்டு எண்ணுறேன். ஆறு. மைக்கைத் திறந்தேன்.

"ஒரு ஆள் குறையுது சார்."

யாருன்னு சுதர்சன் கேட்டான், அவன் குரல்லயே பயம் தெரிஞ்சுது. பாண்டிச்செல்வின்னேன். அவங்க இதுக்குத் தேவையில்லையேன்னு நிர்வாக அதிகாரி சொன்னார். தேவை, நான் சொல்ல வேண்டியது அவங்களுக்குத்தான், அவங்க இல்லாம நான் சொல்ல மாட்டேன்னு சொன்னேன். சுதர்சன் செண்பகம்னு ஒரு தடவை கூப்பிட்டான், பாவம். டாக்டர்தான் யாரையோ அனுப்பினார். அவங்க மேல இல்லையாம், புதன்கிழமையில இருந்து நோட்டை எடுத்துக்கிட்டு கீழதான் நிக்காங்களாம், பேர் எழுதிக்கிட்டு. காத்திருந்தோம். இருபத்தி ரெண்டு படி. நான் மனசுக்குள்ள ஒவ்வொண்ணா ஏறினேன், அந்த முட்டியோட. அப்புறம் நிர்வாக அதிகாரி பக்கத்துல ஒரு நாற்காலி இழுக்கிற சத்தம், பாண்டிச்செல்வி முகம் வந்துச்சு, மூச்சு வாங்குது, நெத்தியில வேர்வை, கையில அந்த நீள நோட்டு. மூலையில இன்னும் ஆறுன்னுதான் போட்டிருக்கு. என்னைப் பாத்ததும் சிரிக்க வந்து நிறுத்திக்கிட்டா.

"நீங்க சரியாத்தான் பாத்தீங்க பாண்டிச்செல்வி. ஸ்க்ரீன்தான் தப்பாச் சொல்லுச்சு. அப்படிச் சொல்ற மாதிரி எழுதினது நான். புதன்கிழமையே எனக்குத் தெரியும்."

சுதர்சன் கண்ணாடியக் கழட்டித் துடைச்சுக்கிட்டு இருந்தான். மேல உள்ள அந்த அம்மா ஏதோ எழுதினாங்க, என்னைப் பத்தித்தான் இருக்கும், எழுதட்டும். பாண்டிச்செல்வி என்னையே பாத்தா. மன்னிச்சிட்டேன்னு சொல்லுவாளோன்னு ஒரு நப்பாசை இருந்துச்சு எனக்கு, மறைக்கிறதுக்கு என்ன. அவ அதைச் சொல்லல. நோட்டைப் பிரிச்சு, செவ்வாய்க்கிழமைத் தேதி போட்டு வெறுமனே விட்டிருந்த ஒரு பக்கத்தை எடுத்து வச்சுக்கிட்டு, பேனாவைத் திறந்தா.

"அப்ப அன்னைக்குக் கீழ நெசமாவே எத்தனை பேர் இருந்தாங்கக்கா?"

புதன்கிழமை அந்தப் பட்டியலைத் திறந்து பாத்ததுல இருந்து எண்ணிக்கையும் பேரும் எனக்கு மனப்பாடம். ஆனா அதை மட்டும் சொல்ல வாய் வரல. சவரிமுத்துன்னு சொன்னேன். எழுதினா. ராமுத்தாய்னு சொன்னேன். எழுதினா. காதர் மைதீன்னு சொன்னேன். எழுதிட்டு நிமிர்ந்து, இன்னும் யாரும் உண்டாங்கிற மாதிரி என் முகத்தைப் பாத்தா.

"மூணு பேர்"னு சொன்னேன்.